வாய் நிறையத் தண்ணீர்

காலை ஒன்பதே காலுக்கு மேடம் தன் கணினியில் இருப்பதையெல்லாம் அழிக்கிறார். நேற்றுப் போட்ட மென்பொருள், நேற்று வந்த முடிவு, நேற்று மாற்றிய சின்னச் சின்ன ஏற்பாடுகள் எல்லாம் போய், கடையிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியது போல் கணினி விழிக்கிறது. பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, தானே எழுதிய பக்கத்தைத் திறந்து, இதுவரை அதைக் கண்ணால் கண்டதில்லை என்ற பாவனையில் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்குகிறார். படி ஒன்று. பதினான்கு வருடமாக அதே படி ஒன்று. அலுவலகத்தில் அவருக்கு முதல்படி மேடம் என்று பெயர். அவர் காதில் விழும்படியே சொல்வார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை.

அவர் வேலை பார்க்கும் கம்பெனி, மலை மலையாகக் குவிந்த தரவுகளை அலசிக் கணக்கெடுத்துத் தரும் ஒரு மென்பொருளை விற்கிறது. ஒரு கணினி ஒண்டியாக உட்கார்ந்து எண்ணினால் ஒரு வருடம் ஆகும் விஷயத்தை, நூறு கணினிகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்து, தனித்தனியாக எண்ணச் சொல்லி, கடைசியில் ஒன்றாகக் கூட்டிக் கொடுக்கும். வாங்குகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே தங்கள் மலையைக் கொண்டுவந்து அதில் கொட்டிவிட முடியாது. கைப்பழக்கத்துக்காகக் கம்பெனியே சில சாம்பிள் புரோகிராம்களைத் தருகிறது. முதலில் அவற்றை ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்த சாம்பிள்களும், அவற்றை ஓட்டுவது எப்படி என்று படிப்படியாகச் சொல்லும் பக்கமும் மேடத்தின் பொறுப்பு. கம்பெனியில் மற்ற எல்லாரும் தங்களுக்குத் தெரிந்ததற்காகச் சம்பளம் வாங்குகிறார்கள். மேடம் மட்டும், ஒன்றும் தெரியாதவருக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்துவைத்திருப்பதற்காக வாங்குகிறார்.

முதல் சாம்பிளுக்கென்று மேடமே உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதினார். ஏதோ ஒரு பேருந்து நிலையத்தில் பயணிகள் மறந்துவிட்டுப் போன பொருட்கள், இரண்டாயிரம் வரி. சாம்பிளை ஓட்டினால் எந்தப் பொருள் எத்தனை முறை தொலைந்தது என்று வரும். குடை 341. மூக்குக்கண்ணாடி 207. பல்செட் 3. புதிதாக வந்த மேலாளர் பொறுக்கமாட்டாமல் ஒருநாள் கேட்டுவிட்டார்.

“அது எப்படி மேடம், மூணு பேர் பல்செட்டை விட்டுட்டுப் போவாங்க?”

“ரெண்டு பேர்தான். ஒருத்தர் ரெண்டு தடவை விட்டுட்டாரு.”

மேலாளர் தலையாட்டிவிட்டுப் போனார். அவருக்கு முப்பத்திரண்டு வயது. மேடத்துக்கு ஐம்பத்தொன்று.

எழுதியிருப்பதை மட்டும் செய்வது என்பது மேடத்துக்கு வேலையோடு நிற்கவில்லை, ரத்தத்தில் ஊறிவிட்டது. இருமல் மருந்து புட்டியில் ‘நன்றாகக் குலுக்கவும்’ என்று போட்டிருந்தால், நன்றாக என்றால் எத்தனை தடவை என்று புட்டியைத் திருப்பித் திருப்பித் தேடுகிறார். போன வருடம் பெட்டியில் வந்த மேசை ஒன்றை, உள்ளே இருந்த தாளில் சொன்னபடி இருபத்திரண்டு படிகளில் பூட்டினார். மேசை நின்றது. ஒரு திருகாணி மிச்சம் நின்றது. மேசைக் கம்பெனிக்குக் கடிதம் போட்டார். அது உபரியாகத் தந்தது, கவலைப்பட வேண்டாம் என்று பதில் வந்தது. அதை இருபத்துமூன்றாம் படியாக ஏன் எழுதவில்லை என்று கேட்டு மறுபடி போட்டார். அதற்குப் பதில் இல்லை. திருகாணி இன்னும் அந்த மேசைமேல்தான் இருக்கிறது.

“எழுதினதுதான் சொன்னது,” என்பார். “மனசுல இருக்கிறது ஊருக்கு எப்படித் தெரியும்?”

‘சுலபம்’ என்ற சொல் அவருக்கு ஆகாது. சுலபமாக, எளிதில், வெறும் மூன்றே படிகளில் என்று யார் என்ன எழுதிக் கொடுத்தாலும் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. விற்பனைப் பிரிவுக்காரர்கள் இதற்காக மேலாளரிடம் இரண்டு முறை புகார் செய்திருக்கிறார்கள். மேடத்தின் பதில் இரண்டு முறையும் ஒன்றுதான். “சுலபம்னு போட்டா, வராதவன் தன்னையே முட்டாள்னு நெனைச்சுக்குவான். அப்புறம் அவன் திரும்பி வரமாட்டான். நம்ம பக்கத்துக்கு மட்டும் இல்ல, எந்தப் பக்கத்துக்கும்.”

ஆனால் எத்தனைதான் அழித்தாலும் அழிவது கணினியில் இருப்பதுதான், தலையில் இருப்பது அல்ல. இது மேடத்துக்கு வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதமே தெரிந்துவிட்டது. அவருடைய விரல் பக்கத்தில் இல்லாததையும் தானாகச் செய்துவிட்டு நல்ல பிள்ளை போல் உட்கார்ந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு புதுப் பதிப்பு வெளியாகும் முன்பும், இந்த விஷயத்தில் கன்னத்தில் அறைந்தாலும் ஒன்றும் தெரியாத ஓர் ஆளைப் பிடித்து உட்காரவைத்து, பக்கத்தைக் கொடுத்து, எங்கே தடுக்கி விழுகிறார் என்று பார்க்க வேண்டும் என்று ஒரு விதி செய்தார். அந்த ஆளுக்கு மேடம் வைத்த பெயர் புதுக்கண்.

புதுக்கண்ணில் ஒரு சங்கடம், ஒரு தடவைதான் அது புதுக்கண். சாம்பிளை ஒருமுறை ஓட்டிப் பார்த்தவர் கெட்டுப்போனவர். வருடத்துக்கு மூன்று பதிப்பு. பதினான்கு வருடம். வாட்ச்மேன், தண்ணீர் கேன் போடுகிறவர், அலுவலகக் கணக்கர், குழாய் ரிப்பேர்காரர், கணவர், கணவரின் தம்பிகள் இருவர், ஓரகத்தி என்று எல்லாரும் தீர்ந்தார்கள். பல் டாக்டர் கூடத் தப்பவில்லை. இப்போதெல்லாம் உறவினர் வீட்டில் மேடம் கைப்பையைத் திறந்தால், எடுப்பது கைக்குட்டையா மடிக்கணினியா என்று பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடர்கிறார்கள்.

இன்னொரு சங்கடம் மேடத்தின் வாய். முதன்முதலில் கணக்கரை உட்காரவைத்தபோது, “அங்க இல்ல சார், எடது பக்கம்” என்று சொல்லிவிட்டார். பிறகு “கீழ, கீழ” என்றார். பிறகு அவரே எழுந்துபோய்த் தட்டிவிட்டார். கணக்கர் ஏழு நிமிடத்தில் முடித்தார். பக்கம் வெளியானது. உலகத்தில் ஒருவராலும் மூன்றாம் படியைத் தாண்ட முடியவில்லை. அதற்குப் பிறகு மேடம் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். புதுக்கண் உட்கார்ந்ததும், எவர்சில்வர் டம்ளரிலிருந்து வாய் நிறையத் தண்ணீரை எடுத்து நிறுத்திக்கொள்வார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்துவிடுவார். முடியும் வரை விழுங்குவதில்லை. பல் டாக்டர் விஷயத்தில் மட்டும் தண்ணீர் தேவைப்படவில்லை, அவரே ஊசி போட்டு மேடத்தின் வாயை மரக்கவைத்திருந்தார்.

நடந்ததை எழுத ஒரு நீள நோட்டு இருக்கிறது. பக்கத்துக்கு நான்கு பத்தி. யார், எந்தத் தேதி, எத்தனை நிமிடம். நான்காவது பத்தியின் தலைப்பு ‘என் தப்பு’. புதுக்கண் எங்கே தடுக்கினாலும் அது அந்தப் பத்தியில்தான் போகும். உதாரணத்துக்கு: ‘பல் டாக்டர். ஃபோல்டர் என்றால் என்ன என்று நான் சொல்லவே இல்லை.’ ‘கல்லூரிப் பேராசிரியர். கட்டளையை டைப் செய்யச் சொன்னேன், என்டர் தட்டச் சொல்லவில்லை. பாவம், பதினோரு நிமிடம் காத்திருந்தார்.’ முடிந்த பெயர்மேல் ஒரு கோடு. நோட்டில் இதுவரை நாற்பத்து மூன்று பெயர்கள், நாற்பத்திரண்டு கோடுகள்.

கோடு விழாத பெயர்தான் நோட்டின் முதல் பெயர். அங்கே ‘அக்கா’ என்று இருக்கிறது. தேதி இல்லை, நிமிடம் இல்லை.

அக்கா மேடத்துக்கு நாலரை வயது மூத்தவர். அதே கட்டிடத்தில் கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிறார். கணவர் தவறி ஒன்பது வருடம் ஆகிறது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் முப்பத்தொரு வருடமாக வேலை. அழுக்குத் துணியை வார்டு வாரியாகப் பிரித்து, தனித்தனியாக எண்ணி, வெளுத்து வந்ததும் மறுபடி எண்ணி, அந்தந்த வார்டுக்கு அனுப்ப வேண்டும். அக்கா எதையும் இரண்டு முறை எண்ணுவார். “ஒரு தடவை எண்ணினா அது எண்ணினதே இல்ல” என்பது அவர் கட்சி. முப்பத்தொரு வருடத்தில் ஒரு தலையணை உறை குறைந்ததில்லை.

இப்படிப்பட்டவர் தன்னை மக்கு என்று நம்பினார். அவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை, கொடுக்கப்பட்டது. சின்ன வயதில், சாப்பாட்டு நேரத்தில் அப்பா வாய்ப்பாடு கேட்பார். பெரியவளைப் பார்த்துத்தான் கேட்பார். “ஏழெட்டு?” பெரியவள் வாயைத் திறப்பதற்குள் சின்னவள் “அம்பத்தாறு” என்று முந்திவிடுவாள். தினமும் இதே கதை. “பெரியது மக்கு, சின்னது கெட்டி” என்று அப்பா ஒரு நாள் சொன்னார். பிறகு அதுவே வழக்கமாகி, வீட்டில் உப்பு, புளி போல அதுவும் ஒரு சாமான் ஆகிவிட்டது. பெரியவள் பத்தாவதோடு நின்றாள். சின்னவளைப் படிக்கவைத்தார்கள். தான் முந்திக்கொண்டு சொன்ன அத்தனை ‘அம்பத்தாறு’ம் மேடத்துக்கு நாற்பது வயதுக்கு மேல் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரத் தொடங்கின. நெஞ்சில் முள்ளாய்க் குத்தும். யாரிடமும் சொன்னதில்லை.

நோட்டு வாங்கிய அன்றே முதல் பெயராக அக்காவை எழுதிக்கொண்டு கீழே போய்க் கேட்டார். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். “எதுக்கு? நான் முழிக்கிறதை நீ உக்காந்து பாக்கணுமா?” என்றார். மேடம் மாடிக்குத் திரும்பிவிட்டார். மறுபடி கேட்கவில்லை. பெயரை அடிக்கவும் இல்லை.

இந்த முறை வெளியீடு திங்கட்கிழமை. சனிக்கிழமை மதியம் வரை புதுக்கண் அகப்படவில்லை. எதிர் ஃபிளாட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பேக்கரிக்காரரை மேடம் மூன்று வாரமாகக் கண்ணும் கருத்துமாகப் பேணி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை அவர் மேடத்தைப் படிக்கட்டில் நிறுத்தி, தன் மகள் இதே மென்பொருளில்தான் வேலை செய்கிறாள், தினமும் சாப்பிடும்போது விளக்குகிறாள் என்று பெருமையாகச் சொன்னார். போயிற்று. மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“கெடைக்கலேன்னா விடுங்க மேடம். நீங்களே ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு ஓகே போட்டுடுங்க. உங்களுக்குத் தெரியாததா?”

“எனக்குத் தெரியும். அதுதான் பிரச்சினையே.”

“பத்து நிமிஷத்துல தொடங்கலாம்னு தலைப்பு போட்டாச்சு மேடம். அதையாவது மாத்தாம விடுங்க.”

“பாக்கலாம்,” என்றார் மேடம். மேலாளர் பெருமூச்சு விட்டது இந்தப் பக்கம் வரை கேட்டது.

நாலு மணிக்கு அக்கா மேலே வந்தார். கையில் மடித்த தாள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்துத் தரும்படி நீட்டினார். மேடம் பிரித்துப் படித்தார். உடல்நிலை காரணமாக வேலையிலிருந்து விலக அனுமதிக்க வேண்டும் என்று குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தது. இன்னும் நாலு வருடம் இருந்தால் முழுப் பென்ஷன். அக்கா இந்த முப்பத்தொரு வருடத்தில் சளி பிடித்தென்று கூட லீவு போட்டவரில்லை.

“ஒடம்புக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல.”

“அப்புறம்?”

“ஒண்ணாந் தேதியிலேருந்து எண்ணினதை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தணுமாம். ஆளுக்கு ஒண்ணு வைக்கிறாங்க. கூட இருக்கிறதுங்க எல்லாம் இருபத்தஞ்சு, முப்பது வயசு. அதுங்க முன்னாடி போயி நான் முழிச்சுக்கிட்டு நிக்கணுமா? தப்பில்லாம எண்ணறவள்னு பேர் வாங்கியாச்சு. கடைசியில மக்குன்னு ஒரு பேர் எதுக்கு? மரியாதையா வந்துடலாம்னு பாக்கறேன். திங்கட்கிழமை குடுத்துடுவேன்.”

மேடம் தாளை மடித்து அக்காவிடமே கொடுத்தார். உன்னால் முடியும் அக்கா என்று சொல்லலாம். கெட்டிக்காரி சொல்லும் அந்தச் சொல்லுக்கு மக்குக்காரியிடம் என்ன மதிப்பு இருக்கும் என்று அவருக்குத் தெரியும். வாய் வரை வந்ததை அடக்கிக்கொண்டார்.

“பிழை ஒண்ணும் இல்ல,” என்றார். “எனக்கு ஒரு உதவி வேணும்.”

“என்ன?”

“அந்த சாம்பிள். ஆளே கெடைக்கலக்கா. ஊர்ல இருக்கிற எல்லாரையும் கெடுத்து வச்சிருக்கேன். நீ ஒருத்திதான் பாக்கி.”

“எனக்குத் தெரியாதுடீ அதெல்லாம்.”

“தெரியாதுங்கிறதாலதான் கேக்கறேன். தெரிஞ்சவங்க எனக்கு உதவ மாட்டாங்க. நீ எங்க தப்பு பண்றியோ அது எனக்கு லாபம்.”

அக்கா கடிதத்தைக் கைப்பைக்குள் போட்டு மூடினார். “அப்ப சரியான ஆளைத்தான் பிடிச்சிருக்கே,” என்றார்.

இதில் எத்தனை பங்கு வேலைக்காக, எத்தனை பங்கு அக்காவுக்காக என்று கேட்டால் மேடத்தாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அக்காவை அறிந்தவர்களுக்கு ஒன்று தெரியும், தன் நன்மைக்கென்று சொன்னால் அவர் எதையும் செய்யமாட்டார், உதவி என்று கேட்டால் மாட்டேன் என்று சொல்லமாட்டார்.

அக்கா குளியலறைக்குப் போய்க் கைகழுவி, துடைத்துக்கொண்டு வந்து, மேசைமுன் உட்கார்ந்தார். மேசைமேல் இருந்த திருகாணியைத் தள்ளி வைத்தார். மேடம் டம்ளரை எடுத்து வாயை நிரப்பிக்கொண்டார், கைகளைத் தொடைக்கு அடியில் கொடுத்தார், தலையை ஆட்டினார்.

அக்கா ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து, உதடு அசைய, இரண்டு முறை படித்தார். படி ஒன்று, சாம்பிளை இறக்கிக்கொள்வது. படி இரண்டு, ஃபோல்டரைத் திறப்பது. ஃபோல்டர் என்றால் என்ன என்று அங்கே ஒரு வரி இருந்தது, பல் டாக்டரின் புண்ணியம். படி மூன்றில் டைப் செய்ய வேண்டிய கட்டளையை ஒற்றை விரலால், ஓர் எழுத்து தட்டி, திரையைப் பார்த்து, பக்கத்தைப் பார்த்து, அடுத்த எழுத்து தட்டினார். ஓரிடத்தில் கை எட்டு நொடி அந்தரத்தில் நின்றது. மேடத்தின் கன்னங்கள் இன்னும் கொஞ்சம் உப்பின. அதற்குள் மேடத்தின் கணவர், தன் கண்ணாடிக் கடையைப் பூட்டிவிட்டு, உள்ளே வந்தார். உப்பிய கன்னத்தையும், கணினி முன்னால் இருப்பது யார் என்பதையும் பார்த்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் சமையலறைக்குள் போய்விட்டார்.

படி நான்கு, ஓட்டுவது. அக்கா என்டரைத் தட்டினார். தட்டு என்று பக்கத்தில் எழுதியிருந்தது, அது பேராசிரியரின் புண்ணியம். திரையில் வரிகள் கிடுகிடுவென்று ஓடி, நின்றன. வேலை முடிந்தது. முடிவைத் திறந்தார்.

“குடை முந்நூத்தி நாப்பத்தொண்ணு,” என்று படித்தார் அக்கா. மூக்குக்கண்ணாடிக்கு வந்தார், பல்செட்டுக்கு வந்தார், மறுபடி குடைக்குப் போனார்.

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தொன்பது நிமிடம். மேலாளரின் தலைப்பு போயிற்று. போகட்டும். எந்தப் படியிலும் தடுக்கவில்லை, யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அக்கா தானாக முடித்துவிட்டார். மேடத்துக்கு நெஞ்சு நிறைந்து வந்தது. விழுங்கிவிட்டுச் சொல்லிவிடலாம் என்று இருந்தார்.

“முந்நூத்தி நாப்பத்தொண்ணா? இத்தனை பேரா குடையை விட்டுட்டுப் போவாங்க?” என்றார் அக்கா. “எங்கயோ இடிக்குது. இரு, இன்னொரு தடவை பாத்துடறேன்.”

மேடம் தடுப்பதற்கு வழியில்லை. அக்கா விரல் வைத்து நான்காம் படியை மறுபடி படித்து, கட்டளையை மறுபடி ஓட்டினார். இந்தத் தடவை வரிகள் ஓடவில்லை. சிவப்பு எழுத்தில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. ‘முடிவு ஃபோல்டர் ஏற்கெனவே உள்ளது. வேலை நிறுத்தப்பட்டது.’

அக்கா இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுவிட்டவர் போல் கையை இழுத்துக்கொண்டார்.

“பாத்தியா,” என்றார், யார்மேலும் கோபமில்லாமல். “மொதல்ல ஏதோ குருட்டாம்போக்குல வந்துடுச்சு. நான் தொட்டா இப்படித்தான்டீ.” எழுந்து, கைப்பையை எடுத்து, மடித்த கடிதம் உள்ளே இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மேடம் அந்தச் சிவப்பு வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினான்கு வருடத்தில் அவர் இதைப் பார்த்ததில்லை. பழைய பதிப்புகளில் மறுபடி ஓட்டினால், முந்தைய முடிவை அழித்துவிட்டு அதே இடத்தில் புதியதை எழுதிவிடும். புதுப் பதிப்பில் யாரோ புண்ணியவான், இருக்கிற முடிவு அழிந்துவிடக் கூடாதென்று, தொடமாட்டேன் என்று நிறுத்தும்படி மாற்றியிருக்கிறார். மாற்றம் நல்லதுதான். மேடத்திடம் யாரும் சொல்லவில்லை, தானாகக் கண்டுபிடிக்கவும் அவருக்கு வழியில்லை. தினமும் காலையில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதல் தடவையாகவே ஓட்டுகிறவருக்கு இரண்டாம் தடவை என்று ஒன்று வருவதே இல்லை. பக்கத்தைப் பார்த்து ஓட்டிய நாற்பத்திரண்டு பேரும் விட்டால் போதும் என்று எழுந்து ஓடியவர்கள். திங்கட்கிழமை இது வெளியாகியிருந்தால், உலகத்தில் எங்கெங்கோ, ஒன்றுக்கு இரண்டாகச் சரிபார்க்கிற அத்தனை பேரும், ஒழுங்காகச் செய்துவிட்டு, இதே போல் கையை இழுத்துக்கொண்டிருப்பார்கள்.

நீ செய்தது சரி என்று சொல்ல வேண்டும். வாயில் தண்ணீர் இருந்தது. விழுங்க ஒரு நொடி போதும். மேடம் விழுங்கவில்லை. சொன்னால் அது தங்கை சொல்லும் ஆறுதல், இதுவரை சொன்ன எத்தனையோ ஆறுதல்களோடு அதுவும் போய்ச் சேரும். அவர் தொடைக்கு அடியிலிருந்து கையை உருவி, நோட்டை எடுத்து, முதல் பக்கத்தைத் திறந்தார். முதல் வரியில் தேதியை எழுதினார். 19 என்று எழுதினார். நான்காம் பத்தியில், ‘இரண்டாம் தடவை ஓட்டிப் பார்ப்பவர்களை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை’ என்று எழுதினார். நோட்டை அக்கா பக்கம் திருப்பி வைத்தார்.

அக்கா நின்றபடியே விரல் வைத்துப் படித்தார். விரல் மேலே போய்த் தலைப்பைத் தொட்டது. ‘என் தப்பு’. விரல் கீழே இறங்கியது. அடுத்த வரி, அதற்கடுத்த வரி. பக்கத்தைத் திருப்பினார். கைப்பையைக் கீழே வைத்தார்.

“பேராசிரியர் பதினோரு நிமிஷம் சும்மாவா உக்காந்திருந்தாரு?”

மேடம் தலையசைத்தார்.

“என்டர் தட்டணும்னு தெரியாமயா?”

மேடம் மறுபடி தலையசைத்தார்.

“அதுவும் உன் தப்பா?”

அதற்கும் தலையசைத்தார். அக்கா இன்னும் சில வரிகள் படித்தார். ஒரு டாக்டர், ஒரு வக்கீல், விமானம் ஓட்டுகிறவர் ஒருவர். ஒவ்வொருவரும் எங்கேயாவது விழித்திருந்தார்கள். அக்கா முதல் பக்கத்துக்குத் திரும்பி வந்தார்.

“பதினாலு வருஷமாவா என் பேரை இப்படியே வச்சிருந்தே?”

மேடத்தின் கண் கலங்கியிருந்தது. வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு அழுவது கஷ்டமான காரியம்.

அக்கா நோட்டை மூடி வைத்தார். பிறகு, வேறு யாரைப் பற்றியோ சொல்வது போல், “ஏழெட்டு அம்பத்தாறுன்னு எனக்குத் தெரியும்டீ,” என்றார். “சரிதானான்னு இன்னொரு தடவை எண்ணிக்கிட்டு இருப்பேன்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சிவப்பு வரியில் விரலை வைத்து, உதடு அசைய ஒருமுறை படித்தார். இன்னொரு முறை படித்தார்.

“ஏற்கெனவே உள்ளது,” என்றார். “அதாவது மொதல்ல எண்ணினது இன்னும் கூடையில கெடக்குது. அதைக் காலி பண்ணாம அதுமேலயே கொட்டினா எது எந்த வார்டு துணின்னு எப்படித் தெரியும்? கலந்துடும்ல. நானா இருந்தாலும் எண்ண மாட்டேன்னுதான் சொல்வேன். மெஷின் சொல்றது நியாயந்தான்.” பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். “கூடையைக் காலி பண்ணுன்னு இதுல நீ எங்கயும் எழுதலையே?”

எழுதவில்லை என்று மேடம் தலையை ஆட்டினார்.

“ஒரு பேப்பர் குடு. மறந்துடும்.”

மேடம் எழுந்திருப்பதற்குள் அக்காவே கைப்பைக்குள் கையை விட்டு ஒரு தாளை எடுத்தார். மடிப்பைப் பிரித்து, எழுதியிருந்த பக்கத்தைக் கீழே கவிழ்த்து, வெள்ளைப் பக்கத்தில் குண்டு குண்டான எழுத்தில் எழுதினார்: ‘4-ம் படிக்கு முன்னால்: பழைய கூடையைக் காலி செய்யவும்.’ எழுதியதை ஒருமுறை படித்தார். இன்னொரு முறை படித்தார். தாளைத் திருகாணியின் கீழ் வைத்துவிட்டு, “சரி, மொதல்லேருந்து வரேன்,” என்று கணினி பக்கம் திரும்பினார்.

மேடம் தன்னை அறியாமல் தண்ணீரை விழுங்கிவிட்டிருந்தார்.

“அக்கா, அந்த ஃபோல்டரை அழிக்கிறதுக்கு நீ…” என்று தொடங்கினார்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், அக்கா இடது கையால் டம்ளரை மேடத்தின் பக்கம் நகர்த்தினார்.